புதுநன்மை அன்னைக்கு ஊமையான கார்

கட்டிப் போட்டா பாடும், அவுத்து விட்டா ஊமையாயிரும். அது என்ன? யோசிச்சுக்கிட்டே அந்த ஸ்டூல்ல உக்காருங்க, வளன் அண்ணாச்சி. ஸ்டூல் கொஞ்சம் ஆடும். பயப்படாதிய, ஆடுமே தவிர விழாது.

கிளியா? கிளியக் கட்டிப் போட்டா அது எங்க பாடும், கடிக்கத்தான் செய்யும். வேற சொல்லுங்க. தோணிப் பாயா? நீங்க தோணிக்காரர், உங்களுக்குப் பாய்தான் ஞாபகத்துக்கு வரும். பாய அவுத்து விட்டாதான அண்ணாச்சி படபடன்னு சத்தம் போடும்? கட்டிட்டா சும்மால்லா கெடக்கும். பரவாயில்ல, மெதுவாச் சொல்லுங்க.

தெரியும், தெரியும். ஒம்பது மணிக்குப் பூசை முடியும். உங்க தங்கச்சி மக பிலோமினாவுக்கு இன்னைக்குப் புதுநன்மை, மொதத் தடவையா நற்கருணை வாங்குதா. கோயில்லேருந்து பிள்ளையக் கார்ல ஏத்தி, பீச் ரோட்டுல ஒரு சுத்து சுத்தி, பாட்டோட வீட்டுல எறக்கணும். வந்ததுலேருந்து மூணு தடவ சொல்லிட்டிய. தாய்மாமன் கார்லதான் பிள்ள ஏறணும்னும் சொல்லிட்டிய. மணி இப்பதான எட்டே கால். கார செபாஸ்டின் ரேடியோ கடையில விட்டாச்சுல்லா, கவலைய விடுங்க.

சரி, என்னாச்சுன்னு ஒழுங்காச் சொல்லுங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் பாடிச்சு. காலைல சாவியத் திருப்புனா கேசட்டு சுத்துது, சின்ன லைட்டு எரியுது, சத்தம் மட்டும் இல்ல. டிக்கியில இருக்க பெரிய ஸ்பீக்கரும் மூச்சு விடலையா? அடடா. அது நின்னா தெருவே ஒரு மாதிரி ஆயிருமே. போன மாசம் நீங்க எங்க தெரு வழியாப் போனப்ப, குசினியில ரெண்டு தட்டு அலமாரியிலேருந்து தானா எறங்கி வந்துச்சு. என் பொண்டாட்டி பூமி அதிர்ச்சின்னு நெனச்சு ஜெபமாலைய எடுத்துட்டா.

சிரிக்கலாம்லா, அதுக்கு ஏன் மொறைக்கிய? இந்தா, வேலைய ஆரம்பிச்சாச்சு. மொதல்ல பியூஸ். சுலபமானதப் பாத்துட்டுத்தான் கஷ்டமானதுக்குப் போவணும். இந்தக் கண்ணாடிக் குழாய்க்குள்ள முடி மாதிரி ஒரு கம்பி தெரியுதா? வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. முழுசா இருக்கா? அவசரப்படாதிய, இன்னொரு தடவ பாருங்க. சரி, பியூஸ் மேல குத்தம் இல்ல.

அடுத்து கரண்டு. இது என் டெஸ்ட் பல்பு. ஒரு வயர ஆம்ப்ளிபயருக்கு வார பிளஸ்ல வைக்கேன், இன்னொண்ணால காரோட தகரத்தத் தொடுதேன். எரியுதா? பளிச்சுன்னு எரியுது. அப்ப பேட்டரியும் நல்லவன்தான்.

அடுத்து ஸ்பீக்கர். இதுக்கு டார்ச் லைட்டுல போடுத பேட்டரிக் கட்ட ஒண்ணு போதும். ஸ்பீக்கர் வயர் ரெண்டையும் கழட்டியாச்சு. ஒண்ண கட்டையோட தலையில வச்சுக்கிட்டு, இன்னொண்ண அடியில தொட்டா… கேட்டியளா? டொப். உள்ள இருக்க காகிதம் ஒரு துள்ளு துள்ளுச்சு பாருங்க. நீங்க ஒரு தடவ தொடுங்களேன். அட, சும்மா தொடுங்க, கடிக்காது. டொப்! பாத்தியளா, உங்களுக்கே சிரிப்பு வருது. இன்னொரு தடவையா? தொடுங்க, தொடுங்க, கட்ட தீராது.

மணி எட்டரையா? உங்க வாச் கொஞ்சம் முந்தி ஓடும். டீ சொல்லியிருக்கேன், குடிச்சுருங்க.

பாட்டு இல்லாமலே போயிருவியளா? வேண்டாம் அண்ணாச்சி, பெறகு நீங்கதான் வருத்தப்படுவிய. கோயில் வாசல்ல அந்தப் பக்கம் அற்புதமணி அண்ணாச்சி கார் அலறிக்கிட்டு நிக்கும், இந்தப் பக்கம் நம்ம கார் சாவு வீட்டு வண்டி மாதிரி நிக்கணுமான்னு நீங்கதான கேட்டிய? பிள்ளைக்கு அவரு பெரியப்பா, நீங்க தாய்மாமா. யாரு கார்ல ஏறுதாங்கிறதுல மானமே இருக்கு. ரெண்டு கார்லயும் மாட்டுனவன் நான், எனக்குத் தெரியாதா? ரெண்டும் ஒரே கப்பல்ல வந்த செட்டு. அவரு எட்டு இஞ்சு ஸ்பீக்கர் வச்சாருன்னு நீங்க பத்து இஞ்சு வச்சிய. பன்னெண்டு கெடைக்குமான்னு போன வாரம் அவரு வந்து கேட்டுட்டுப் போனாரு.

ஆம்ப்ளிபயர்தான? வாரேன், அதுக்குத்தான் வாரேன். போன மாசம் இதே மாதிரி நின்னுச்சே, அன்னைக்கு என்ன குத்தம்? மறந்துட்டியளா? நீங்கதான் அண்ணாச்சி குத்தம். உப்புக் காத்துல துரு ஏறும்னு, தோணிக்குத் தடவுத மாதிரி கார் பூரா சுறா எண்ணெயத் தடவிட்டிய. நட்டு, போல்ட்டு ஒண்ணு பாக்கியில்ல. தோணிக்கு அது சரி. ஆனா இதுல வார கரண்டு பெட்டிக்குள்ள வேலையப் பாத்துட்டு, இந்தக் கருப்பு வயர் வழியா காரோட தகரத்துல எறங்கி, பேட்டரிக்குத் திரும்பிப் போவணும். வயருக்கும் தகரத்துக்கும் நடுவுல எண்ணெய் நின்னா எப்படிப் போவும்? அற்புதமணி அண்ணாச்சி மட்டும் என்ன, அவரும் அதே எண்ணெய், அதே தடவல். அதனாலதான் ரெண்டு கார்லயும் அந்த எடத்துல கையாலயே திருகுத நட்டு போட்டுக் கொடுத்தேன். வாரம் ஒரு தடவ கழட்டி, துணியால தொடச்சு மாட்டுங்கன்னேன். தொடச்சியளா? அதான பாத்தேன்.

அன்னைக்கு பிலோமினாவும் உங்க கூட வந்திருந்தா. நீங்க டீ குடிக்கப் போயிட்டிய. நான் அந்த போல்ட்ட உப்புத்தாள் போட்டுத் தேய்க்கதையே பாத்துக்கிட்டு நின்னா. எட்டு வயசுதான், ஆனா கேள்வி மேல கேள்வி. இந்த வயர் எதுக்கு மாமா, இதக் கழட்டுனா என்ன ஆவும் மாமா. பதில் சொல்லி முடியல. அதான் அவ வாய அடைக்கணும்னு இந்த விடுகதையப் போட்டேன். கட்டிப் போட்டா பாடும், அவுத்து விட்டா ஊமையாயிரும். கேட்டு முடிக்கல, விரல நீட்டி வயரக் காட்டிட்டா. நீங்க இன்னும் தோணிப் பாய்லயே நிக்கிய.

ஆமா, அந்தக் கருப்பு எர்த் வயர்தான். கழண்டுதான் கெடக்கு. டிக்கியத் தொறக்க முந்தியே எனக்குத் தெரியும். நட்டத் தேடாதிய, அங்கன கெடைக்காது. என் சட்டப்பையில இருக்கு. ரெண்டு நட்டு. ஒண்ணு உங்களது, ஒண்ணு அற்புதமணி அண்ணாச்சியோடது.

நேத்து சாயங்காலம் உங்க ரெண்டு பேரு வீட்டுக்கும் அவ முறுக்கு கொண்டு வந்தால்லா? அப்பதான். டிக்கியப் பூட்டுங்க, டிக்கியப் பூட்டுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். நேரா இங்க வந்து, ரெண்டையும் இந்த மேசையில வச்சுட்டு, பூசை முடிஞ்சதும் கொடுத்துருங்க மாமான்னா. எட்டு வயசுப் பிள்ள ஒரே சாயங்காலத்துல ரெண்டு அம்பாசிடர ஊமையாக்கிட்டு வந்து நிக்கி. அதான் ரெண்டையும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன்.

அவரா? அவரு கார் என் தம்பி ஷெட்டுல நிக்கி. அங்கயும் மொதல்ல பியூஸ்தான் பாப்பான்.

திட்டுங்க, ஆனா இதக் கேட்டுட்டுத் திட்டுங்க. நேத்து மத்தியானம் அவ வீட்டு வாசல்ல நின்னு, உன் காரா என் காரான்னு ரெண்டு பேரும் சத்தம் போட்டிய. அவ அப்பன் இனிகோ எங்க நின்னான்னு பாத்தியளா? துறைமுகத்துல மூட்ட தூக்குதவன், காலைலயே சைக்கிளத் தொடச்சு, கேரியர்ல ஒரு சின்னத் தலையணையக் கட்டி வச்சிருந்தான். பிள்ள வெள்ள கவுனு அழுக்காயிரக் கூடாதுல்லா. உங்க சத்தத்தக் கேட்டுட்டு, தலையணைய அவுத்து உள்ள கொண்டு போயிட்டான். உங்க கண்ணுல படல. பிள்ள பாத்துட்டா, எங்கிட்ட வந்து சொன்னா.

மணி அடிக்குது. பூசை முடிஞ்சுட்டு. இந்தாங்க நட்டு, நீங்களே திருகுங்க. இன்னும் ஒரு திருகு. அவ்வளவுதான், பாடுது பாருங்க. இதுக்கா முக்கால் மணி நேரமான்னு கேக்கியளா? அரை நிமிச வேல, ஒத்துக்கிடுதேன். பாட்டக் கொஞ்சம் கொறச்சு வச்சு, அவங்களுக்குப் பின்னாலயே மெதுவாப் போங்க. முந்திராதிய.

யாருக்குப் பின்னாலயா? ரெண்டு காரும் பாடுனா எதுல ஏறுவேன்னு நேத்தே அவகிட்டக் கேட்டேன். அப்பா சைக்கிள்லன்னு சொன்னா.