விஷாலினியின் பத்தாவது பாடம்

— அதுக்குன்னு செம்பனைப் பழத்தோட லோரியவே ஸ்கூல் வாசலுக்குக் கொண்டாருவீங்களாப்பா? ஃபார்ம் ஃபோர் கிளாஸ் பிள்ளைங்க மொத்தமும் எட்டிப் பாக்குது.

— பாக்கட்டும். மில்லுல இறக்கிட்டு வந்தா ஸ்கூல் ஆபீஸ மூடிருப்பாங்க. ஏறு முதல்ல. கதவ ஓங்கிச் சாத்து விஷா, லேசா சாத்துனா திறந்துக்கும்.

— சாத்திட்டேன். துணை முதல்வர் ரூமுலேர்ந்து நீங்க வந்தத நான் பாத்தேன். அங்க எதுக்குப் போனீங்க? தமிழ் இலக்கியத்துலேர்ந்து என் பேரத்தான் நானே போய் எடுத்துட்டேனே.

— எடுத்தத எங்கிட்ட சொன்னியா?

— சொல்ல என்ன இருக்கு? நீங்க கேட்டது அதான?

— இந்தா பாரு, உங்கப்பன் இந்தத் திருச்செல்வம் ‘எடு’ன்னு ஒரு நாளாவது வாயத் தொறந்து சொன்னானா?

— சொல்லல. ‘எஸ்பிஎம் பரீட்சைக்கு ஒம்பது பாடம் பத்தாதா, பத்தாவதா இலக்கியம் வேணுமா, ராவாங் ஃபேக்டரியில வேலைக்குப் போய் யாருக்குக் கவிதை சொல்லப் போற’ன்னு கேட்டீங்க. சோறு திங்கிறப்ப கேட்டீங்க. மோட்டோவுல போறப்ப கேட்டீங்க. அம்மாவே ‘போதும்லா, விடுங்க’ன்னாங்க.

— அது சும்மா கேட்டதுலா.

— சும்மாவா? இந்த ஸ்கூல்ல எடுத்தது நான் ஒருத்திதான். என் கிளாஸ் தனேஷ் என்னைப் பாக்குறப்பல்லாம் ‘வணக்கம் புலவரே’ங்கிறான். சரி, வீட்டுலயாவது ஒரு ஆளு நம்ம பக்கம் இருப்பாங்கன்னு பாத்தா…

— அழாத மா.

— அழல. உங்க லோரியில ஃபேன் ஓடல, வேர்க்குது.

— இந்தா பாரு, நேத்து உங்க தமிழ் டீச்சர் பிரேமலா போன் பண்ணாங்க. ‘உங்க பொண்ணு பேர எடுத்துட்டா, ஏன்னு கேட்டா சிரிக்கிறா, அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாப் படல’ன்னாங்க. அதான் வந்தேன். ‘என் மக பேரத் திரும்பப் போடுங்க சார்’னு துணை முதல்வர்கிட்ட கேட்டேன்.

— திரும்பப் போடவா? நீங்களா?

— நானேதான். அவரு நல்ல மனுஷன், உக்காரச் சொன்னாரு. ஆனா, ‘ஒரு பிள்ளைக்காக டைம் டேபிள மாத்த முடியாது. அதுவும் இல்லாம, இதப் படிச்சு என்ன வேலைக்குப் போகப் போறா’ன்னாரு.

— நீங்க கேட்ட அதே கேள்வி.

— அதே கேள்விதான். என் வாயிலேர்ந்து வந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொருத்தரு கேக்குறப்ப சுருக்குன்னு ஏறுது விஷா.

— அப்பா! சண்டை போட்டீங்களா?

— சண்டையெல்லாம் இல்ல. குரல் கொஞ்சம் ஏறிடுச்சு. ‘வேலைய அவ தேடிக்குவா சார், நீங்க பாடத்தக் குடுங்க’ன்னேன்.

— அலமா, போச்சு! நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஸ்கூலுக்கு வருவேன்?

— கேளு, இன்னும் முடியல. சத்தம் கேட்டு பிரேமலா டீச்சரே வந்துட்டாங்க. சனிக்கிழமை காலையில கோலா சிலாங்கூர் கோயில் மண்டபத்துல அவுங்க இலக்கிய வகுப்பு நடத்துறாங்களாம். பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்கள்லாம் வருதாம். ‘டைம் டேபிளத் தொட வேணாம் சார், பரீட்சைக்குப் பேரு மட்டும் குடுங்க’ன்னாங்க. அவரு யோசிச்சாரு. ‘இங்க ஈஜோக்லேர்ந்து அவ்ளோ தூரம் யாரு கொண்டாந்து விடுவா’ன்னு கேட்டாரு.

— காலையில பஸ்ஸ நம்ப முடியாதே. நீங்க என்ன சொன்னீங்க?

— இனிமே சனிக்கிழமை நான் லோரி எடுக்க மாட்டேன்னேன்.

— உங்கள வேல வாங்குற மண்டோர் விடுவாரா?

— விடலன்னா அவரையும் இழுத்துட்டு வந்து உன் பக்கத்துல உக்கார வைக்கிறேன்.

— சிரிப்புக் காட்டாதீங்கப்பா. அப்ப என் பேரு?

— போட்டாச்சு. என் கண்ணு முன்னால போட்டாரு.

— சீரியஸா?

— பின்ன? உறுதியாத் தெரியாம வந்து உங்கிட்ட சொல்லுவேனா?

— அப்பா… பேர எடுத்ததுலேர்ந்து டீச்சர் கேட்டா சிரிச்சுச் சமாளிச்சுக்கிட்டே இருந்தேன். நாளைக்கு நானே போய் அவுங்களுக்கு நன்றி சொல்றேன்.

— நல்லா சொல்லு. அம்மாவுக்கு போனப் போடு. ஃபேக்டரியில இப்ப ரெஸ்ட் நேரம். காலையிலேர்ந்து ‘போனீங்களா, போனீங்களா’ன்னு மெசேஜா அனுப்பி உசுர வாங்குறா.

— போடுறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. அவரு கேட்டது உங்களுக்குச் சுருக்குன்னு ஏறுனது ரூமுக்குள்ள போன பெறகுதான? போறதுக்கு முன்னாலயே மனசு மாறிட்டீங்களே, அது எப்படி?

— டீச்சர் போன் பண்ணாங்கன்னு சொன்னேன்ல.

— டீச்சர் முன்னாடியும் பேசியிருக்காங்க. அப்ப மாறலியே.

— மில்லு மூடிரும் விஷா. பெல்ட்ட மாட்டு.

— மாட்டிட்டேன். சொல்லுங்கப்பா.

— பாடத்துக்கு வச்ச அந்த நாவல நீ ரூமுல சத்தமாப் படிப்பல்ல, ஹால்ல டிவி சத்தத்தக் கொறச்சுட்டு நான் கேட்டுக்கிட்டு இருப்பேன். நீ பாட்டுக்குப் புத்தகத்தத் திருப்பிக் குடுத்துட்டு வந்துட்ட, கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு வெள்ளத்துல ஆத்தங்கரையில நின்னாளே ஒருத்தி, அவ அக்கரைக்குப் போய்ச் சேந்தாளா இல்லியா?