யாரும் கத்தவில்லை

எனக்கு ஒழுங்கு பிடிக்கும், மேடம். எங்கள் வீட்டுச் சமையலறையில் எல்லா டப்பாவும் ஒரே உயரம், ஒரே மூடி. கல்யாணமான புதிதில் என் மனைவி ஜானகி ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, பிஸ்கட் டின் என்று கைக்குக் கிடைத்ததில் எல்லாம் சாமான் போட்டு வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெளியே போன நேரம் பார்த்து அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு, புது எவர்சில்வர் டப்பாக்களை வரிசையாக அடுக்கினேன். மறுநாள் காலை காபியில் உப்பு. ஜானகி டம்ளரை என் பக்கம் தள்ளி வைத்தாள். நான் அதை முழுதாகக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றேன். என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதிலேயே முடிந்துவிட்டது.

விசாரணைக்கு வந்த நீங்கள் நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், நான் கோலார் தங்கவயல் பக்கம், படிக்க வரும் என்றீர்கள். நல்லதாகப் போயிற்று. என் ஆங்கிலம் முழுக்க பிரசன்டேஷன் ஆங்கிலம். இத்தனை வருடத்தில் அதில் நான் ஒரு தோல்வியைக்கூட எழுதியதில்லை. எழுத ஆரம்பித்தால் கை தானாகப் 'பாடங்கள் கற்றோம்' என்று போட்டுவிடும்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் நிறுவனம் ஓசூரில் ஒன்று, தும்கூரில் ஒன்று, பீன்யாவில் ஒன்று என்று அடுத்தவர் நடத்திக்கொண்டிருந்த தொழிற்சாலைகளை வாங்கி வாங்கிப் பெரிதானது. ஒவ்வொன்றும் தன் பழைய கம்ப்யூட்டர், பழைய புரோகிராம், பழைய வழக்கம் எல்லாவற்றையும் கூடவே கொண்டுவந்தது. ஒரே போல்ட்டுக்கு ஒவ்வொரு ஆலையிலும் ஒவ்வொரு பெயர். தும்கூரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் சாமானை ஓசூர்க்காரர்கள் புதிதாக ஆர்டர் செய்வார்கள். இந்தக் கதம்பத்தை எல்லாம் ஒன்றாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. 'ஒரே நிறுவனம், ஒரே சிஸ்டம்' என்ற வாசகம் நானே யோசித்தது. அதைப் போட்டு எல்லோருக்கும் டீ-ஷர்ட் அடித்தோம். டீ-ஷர்ட்டும் ஒரே அளவுதான் வாங்கினேன். எனக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது.

ஒரு பழைய புரோகிராம் தேவையா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆட்களைக் கேட்டால் பிரயோஜனமில்லை. கேட்டவுடன் எல்லோரும் ஐயோ அது இல்லாமல் முடியாது என்பார்கள். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் அதை அணைத்துவிடுவோம். யாராவது கத்துகிறார்களா என்று பார்ப்போம். கத்தினால் மறுபடி போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்போம். சில வாரம் யாரும் கத்தாவிட்டால் அது குப்பை. இதற்குக் கத்தல் சோதனை என்றே பெயர். நான் கண்டுபிடித்ததில்லை, உலகம் முழுக்கச் செய்கிறார்கள். கேன்டீனில் டிபன் டோக்கன் போடும் புரோகிராமை அணைத்தபோது இட்லி ஆறுவதற்குள் கத்தல் வந்தது. இயக்குநர்களுக்கு மாதாமாதம் போகும் ஓர் அறிக்கையை அணைத்தேன். அதற்கு இன்றுவரை ஒருவரும் கத்தவில்லை. அன்றைக்கு நான் ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மிஞ்சியது பீன்யா ஆலையில் ஒரு மூலையில் இருந்த பழைய கம்ப்யூட்டர். அங்கே மராமத்துப் பொறுப்பில் இருப்பவர் கிளெமென்ட். காக்ஸ் டவுன்காரர், பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். ஆலையின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் தரைக்குக் கீழே ஒரு பம்ப் ரூம் இருக்கிறது. அங்கே ஒரு ஷிப்டுக்கு ஓர் ஆள், தனியாக. கழிவுநீரிலிருந்து சில சமயம் விஷவாயு கிளம்பும். அதனால் சுவரில் ஒரு பொத்தான். அரை மணிக்கு ஒருதரம் உள்ளே இருப்பவர் அதை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டர் கேட் செக்யூரிட்டிக்கு போன் போட்டு, கிளெமென்ட் தன் குரலிலேயே பதிந்து வைத்திருந்ததைச் சொல்லும். பம்ப் ரூமுக்கு ஓடுங்கள் என்று கன்னடத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம். இதை எல்லாம் அவர் ஒரு மீட்டிங்கில் எனக்கு விளக்கினார்.

"ரகுராம் சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். மத்தத எல்லாம் என்ன வேணாப் பண்ணுங்க. அந்த மிஷின மட்டும் தொடாதீங்க. அது பாக்கத்தான் டப்பா" என்றார்.

அவர் பேசி முடிப்பதற்குள் இரண்டு டீ வந்து போயிருந்தது. நான் என் குறிப்பில் 'கிளெமென்ட்டின் டேப் ரிக்கார்டர்' என்று எழுதிக்கொண்டேன். அதற்குப் பதிலாக ஒரு புது ஏற்பாடு செய்திருக்கலாம். செய்ய வேண்டும் என்றும் இருந்தேன். ஆனால் அதற்கு அனுமதி, டெண்டர் என்று அடுத்த வருடம் ஆகிவிடும். என் இலக்கோ இந்த வருடம். அதனால் அதையும் மற்றவற்றைப் போலச் சோதனையில் போட்டேன். தலைமை அலுவலகத்தில் என் இருக்கையில் உட்கார்ந்தபடியே அணைத்தேன். மௌஸில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

என் டீமில் பிரபா என்று ஒரு பெண், சின்ன வயது, கெட்டிக்காரி. "சார், அட்லீஸ்ட் அந்த பம்ப் ரூம்ல இருக்கறவருக்காவது சொல்லிடலாமா?" என்று கேட்டாள்.

"சொல்லிட்டா அது சோதனையே இல்லையேம்மா" என்றேன்.

அவள் சரி சார் என்றாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. இதை நான் சொன்னதாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

யாரும் கத்தவில்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. ஏன் கத்தவில்லை என்று இப்போது ஒரு குழந்தைகூடச் சொல்லும். அந்த இயந்திரம் செய்த வேலையே கத்துவதுதான். கத்துவதை அணைத்துவிட்டு, கத்தல் வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். இந்தப் புத்திக்குத்தான் வருடா வருடம் போனஸ் வாங்கினேன்.

நடுவில் ஒருநாள் பீன்யா போயிருந்தேன். போகாமலேயே இருந்திருக்கலாம், ஆனால் எதையும் நேரில் பார்க்கும் அதிகாரி என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. பம்ப் ரூமில் அர்ஜுனன் இருந்தார். நாற்பது வயதிருக்கும், தர்மபுரிப் பக்கம். என்னைப் பார்த்ததும் இருந்த ஒரே ஸ்டூலைத் துணியால் துடைத்துப் போட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே நேரம் பார்த்து எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். அதன்மேல் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்குக்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை, மேடம். அது பொத்தானோடு சேர்ந்தது. எப்போது அழுத்தினாலும் எரியும்.

"இது இருக்கறதாலதான் சார் இங்க தனியா உக்காந்திருக்கேன். இல்லாட்டி வீட்ல விடமாட்டாங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். நல்லது, மறக்காமல் அழுத்துங்கள் என்றேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். திட்டம் முடிந்ததைக் கொண்டாடுவதற்காக நிர்வாக இயக்குநர் முன்னால் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பெரிய திரையில் ஒரே ஓர் எண்: 'பழைய சிஸ்டம்கள் – 0'. அதை வெறும் படமாகப் போட்டிருந்தால் இன்றைக்கு நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்குத்தான் எதிலும் உண்மை இருக்க வேண்டுமே. எங்காவது ஒரு பழைய இயந்திரம் உயிர்பெற்றால் அந்த எண் உடனே மாறும்படி நானே பின்னி வைத்திருந்தேன்.

நான் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கிளெமென்ட்டின் அழைப்பு வந்தது. அன்றைக்கு அவர் லீவு. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், பின்னால் சர்ச்சில் பாட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரிடமும் ஒரு நிமிடம் என்று கைகாட்டிவிட்டு எடுத்தேன்.

"சார், பம்ப் விஷயமா அர்ஜுனனக் கூப்பிட்டேன், எடுக்கமாட்டேங்கறான். கேட்ல கேட்டேன், மிஷின்கிட்டருந்து போன் ஒண்ணும் வரல, அவன் நல்லாத்தான் இருப்பான்னாங்க. ஸ்வல்ப டவுட்டு. மிஷின் ஆன்லதானே இருக்கு சார்?"

நான் திரையைப் பார்த்தேன். பூஜ்யம் அழகாக இருந்தது. நிர்வாக இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த இயந்திரத்தைப் போட்டால் பூஜ்யம் ஒன்றாகும். எல்லோரும் பார்ப்பார்கள். என்ன இது என்று கேட்பார்கள். போடாமலேயே, கேட் செக்யூரிட்டிக்குச் சொல்லி ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். அனுப்பச் சொன்னால், ஏன் சொல்கிறீர்கள், இயந்திரம் கூப்பிடவில்லையே என்று அவர்கள் கேட்டிருப்பார்கள். இதை எல்லாம் அந்த ஒரு நொடியில் யோசித்து முடித்தேன். நான் வேகமாக யோசிப்பவன் என்று எல்லோரும் சொல்வார்கள்.

"எல்லாம் சரியா இருக்கு கிளெமென்ட். கல்யாணத்தைப் பாருங்க" என்றேன்.

அப்புறம் மிச்சமிருந்த படங்களைக் காட்டினேன். ஒன்றையும் விடவில்லை. கேள்வி நேரம் வந்தது. எல்லாக் கேள்விக்கும் நன்றாகப் பதில் சொன்னேன், என் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை என்று மற்றவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கைதட்டினார்கள். கேக் வந்தது, அதன்மேலும் ஒரு பூஜ்யம் போட்டிருந்தது. நிர்வாக இயக்குநர் எனக்கு ஊட்டிவிட்டார். போட்டோ எடுத்தார்கள். ஒருவர் கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொருமுறை எடுத்தார்கள். அதற்கும் நின்றேன். பிரபா மட்டும் கேக் சாப்பிடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

எல்லோரும் கலைந்து, திரையையும் அணைத்த பிறகு அதே மேஜையில் உட்கார்ந்து அந்த இயந்திரத்தைப் போட்டேன். அது எழுந்தது. பொத்தான் அழுத்தப்படவில்லை என்று பார்த்தது. உடனே கேட்டுக்குப் போன் போட்டது. கிளெமென்ட்டின் குரல் இரண்டு மொழியிலும் சொன்னது. செக்யூரிட்டிக்காரர்கள் ஓடினார்கள். அர்ஜுனன் படிக்கட்டின் கடைசிப் படியில் குப்புறக் கிடந்தார். ஏற முயன்றிருக்கிறார்.

அதற்கப்புறம் நடந்தது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. இயந்திரம் கூப்பிட்டது, ஆட்கள் ஓடினார்கள், ஆளைத் தூக்கினார்கள் என்று ஆலைக்குள்ளே விசாரித்து முடித்துவிட்டார்கள். நிர்வாக இயக்குநர் மனம் உருகி, இப்படி ஓர் இயந்திரம் எல்லா ஆலையிலும் வேண்டும், அதற்கும் ரகுராமே பொறுப்பு என்று உத்தரவு போட்டார். கிளெமென்ட் என் கையைப் பிடித்து, நல்லவேளை சார், நீங்க அத விட்டு வெச்சீங்க என்றார். நான் தலையாட்டினேன். நீங்கள் வந்து, அரை மணிக்கு ஒருதரம் பார்க்கிற இயந்திரம் ஏன் இவ்வளவு தாமதமாகக் கூப்பிட்டது என்று கேட்கும்வரை வேறு ஒருவரும் கேட்கவில்லை. கிளெமென்ட் கூப்பிட்ட நேரத்தில் அர்ஜுனனைத் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை.

ஆஸ்பத்திரியில் அர்ஜுனன் இரண்டு நாள் இருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி சரளா, பீன்யாவிலேயே ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்கிறவர், வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கும்பிட்டார்.

"கேட்ல சொன்னாங்க சார். உங்க கம்ப்யூட்டர் போன் பண்ணலைன்னா அங்கயே போயிருப்பாராம். ரெண்டு நாளு என் கையப் புடிச்சிட்டு இருந்தாரு. எங்க பாப்பா வந்து அப்பாவ உசுரோட பாத்துச்சு. அது நீங்க குடுத்தது சார்."

பரவாயில்லம்மா என்றேன். எனக்கு அழுகை வந்தது. பொய் அழுகை இல்லை, மேடம். வீட்டுக்குப் போயும் அழுதேன். ஜானகி என்னவென்று கேட்டாள், ஆபீஸில் ஒருவர் தவறிவிட்டார் என்றேன்.

ஆகவே, அணைத்தது நான். அது என்ன செய்கிறது என்று தெரிந்துதான் அணைத்தேன். வேலை செய்யாத பொத்தானை அர்ஜுனன் அழுத்துவதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கிளெமென்ட்டிடம் பொய் சொன்னேன். கேக் தின்று முடிக்கும்வரை அர்ஜுனனை அங்கேயே கிடக்க விட்டேன். இதில் எதையும் நான் மறுக்கப்போவதில்லை, எங்கே கையெழுத்துக் கேட்டாலும் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில் அந்த இரண்டு நாளையும் மறக்காமல் எழுதுங்கள். அது நான் கொடுத்தது.