பின்பக்கம் திறந்த மோதிரம்

— பின்னாடி தகடு வச்சு மூடுறதெல்லாம் பட்டிக்காட்டுக் கட்டு, பத்தரே. ஆவடி மிலிட்டரி ஸ்டோர்ல எங்க தொரை போட்டிருக்காரே, அந்த மாதிரி வேணும். நாலு நகம் கல்லைக் கவ்விப் பிடிக்கணும். கீழ தொறந்திருக்கணும். வெளிச்சம் இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வரணும்.

— கட்டலாம் மணவாளன் தம்பி. இந்தக் கரையான்சாவடியில அந்தக் கட்டு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ஆனா உங்க கல்லு பழைய கல்லு. அதுக்கு மூடின கட்டுதான் பாந்தம்.

— மாப்ளே, பத்தரு சொல்றா மாரியே மூடிக் கட்டிக்கலாமே. நகம் வச்சா வேட்டியில மாட்டும். எங்கனா கல்லு உழுந்துடப் போவுது.

— மாமா, நீங்க வேப்பம்பட்டுல தண்டவாளத்துக்கு அடியில சல்லி கொட்டுறவரு. அந்தக் கல்லைப் பத்திச் சொல்லுங்க, கைகட்டிக் கேட்டுக்கிறேன். இது கெம்பு.

— எனக்கு இன்னா தெரியும் மாப்ளே. மனசுல பட்டுச்சு, சொன்னேன்.

— பட்டா அங்கயே வச்சுக்குங்க. மாப்பிள்ளைக்குப் பொண்ணு வீடு மோதிரம் போடுறது வழக்கம். நீங்க போடுறது அரைப் பவுன். அதுக்கே உங்க பொண்ணு தெருத்தெருவா மோர் வித்துச்சாம், கேக்கவே கூசுது. கல்லு எங்களுது, இந்தப் பழைய மோதிரத்தோட எங்கப்பா விரல்ல இருவது வருசம் கெடந்தது. கட்டு எதுன்னும் நீங்களே சொல்லணுமா?

— தாட்சாயிணி மோரு வித்தது ஒண்ணும் திருட்டு இல்லியே மாப்ளே.

— கல்யாணத்துக்கு அப்புறம் அந்தச் சட்டியத் தொட்டுச்சுன்னா அப்படியே வேப்பம்பட்டுக்கு அனுப்பிடுவேன். தொரைங்க வந்து போற எடத்துல எனக்குன்னு ஒரு பேரு இருக்கு.

— சரி, அத்த அப்பறம் பேசிக்கலாம். வெள்ளிக்கெயம நிச்சயம். நாலு ஊரு சொந்தத்துக்குச் சொல்லியாச்சு. பத்தரே, நீயாவது மாப்ளைக்கு எடுத்துச் சொல்லேன்.

— எத்தன வாட்டி சொல்றது கங்காதரா? சொன்னேனே. தம்பி, மூடியே கட்டிடுறேன், மேல பூ வேலை போட்டுத் தரேன். தொரையே கேப்பாரு எங்க செஞ்சதுன்னு.

— இன்னா, நானும் பாக்குறேன், ரெண்டு பேரும் கண்ணக் காட்டிக்கிறீங்க? மூடு மூடுன்னு ஒரே பாட்டு. மூடிட்டா உள்ள எது கெடந்தாலும் தெரியாது. நல்ல கல்ல உருவிட்டு நாலணா கல்ல வச்சுப் பங்கு போட்டுக்கலாம்னா? கூலிக்காரன் புத்தி எங்க போவும்! நான் கேட்ட கட்டு இல்லாட்டி வெள்ளிக்கிழமை உங்க சொந்தம் சோத்தத் தின்னுட்டுப் போவட்டும். நான் வரல.

— பத்தரே, பிரி. மாப்ள கண்ணு முன்னாடியே பிரி.

— கங்காதரா, வேணாம்ப்பா.

— பிரின்றேன்.

— சரி. தம்பி, உங்கப்பா மோதிரம், ஓரத்தை நெம்புறேன். இந்தாங்க, கல்லு உங்க கையில. அடியில இருந்த தகடு என் கையில. வாசலுக்குப் போய் வெயில்ல பாருங்க.

— என்னது இது? தண்ணி மாதிரி இருக்கு? செவப்பு எங்க?

— செவப்பு இந்தத் தகட்டுல. நீங்க வச்சிருக்கிறது கண்ணாடி.

— மாத்திட்டியா? திருட்டு...

— பேச்சு அளவா இருக்கட்டும். கண்ணு முன்னாடிதானே பிரிச்சேன்? அந்தக் கண்ணாடிய வச்சவனே நான்தான். உங்கப்பா காலமான வருசம் உங்கம்மா அங்கம்மா வந்து கெம்பைக் கழட்டி வித்துத் தரச் சொன்னாங்க. நீங்க பட்டணத்துல படிக்கப் போனீங்களே, அந்த வருசம்.

— எங்கம்மா ஒரு வார்த்தை சொல்லலியே...

— படிக்கிற புள்ள கிட்ட எதுக்குன்னு விட்டுட்டாங்க.

— மூடிடுங்க பத்தரே. அதே தகட்ட வச்சு அப்படியே மூடிடுங்க. மாமா, நீங்க சொன்ன கட்டுதான் சரி. வெள்ளிக்கிழமை நான் வந்துடுறேன். நாலு பேருக்குத் தெரிய வேணாம், இன்னா?

— எனக்கு மின்னயே தெரியும். பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கே அந்தம்மா எங்க ஊட்டுப் பின்கட்டுல என்னக் கூப்ட்டுச் சொல்லிச்சு. "கல்லு பொய்யி அண்ணே, எங்க ஊட்ல வேற ஒண்ணும் இல்ல, இஷ்டம் இருந்தா பொண்ணு குடுங்க"ன்னுச்சு.

— தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டீங்க?

— ஒத்துக்கினேன். பத்தரே, என் தங்கத்த எடுத்துக் குடு. தம்பி, நான் அந்தம்மாவப் பாத்துப் பொண்ணு குடுக்க வந்தவன். ஒன்ன இன்னிக்குத்தான் பாக்கறேன்.