பீமராவ் இரண்டு முறை போய்வந்த கப்பல்

எனக்குக் காப்பி போடத் தெரியாது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல, டோரதி டீச்சர். டிகாக்‌ஷன் இறங்கித் தயாராக இருந்து, பாலும் காய்ந்திருந்தால், நான் நன்றாகவே கலப்பேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஐந்து நாள் சாப்பாட்டுக்குப் பயந்துதான் நான் இந்தக் காரியத்தைச் செய்தேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

என் எதிரில் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். "நல்லதம்பி சார், ஒண்ணு விடாம எழுதுங்க. பொன்னுத்தாய் மலைக்கோட்டையில இருந்து திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிருக்கணும்" என்று சொல்லி நான்கு தாளும் ஒரு பேனாவும் நீட்டினீர்கள். இருபது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவரிடம் மறுத்துப் பேச முடியுமா? எழுதுகிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்ற பதினோரு ஆசிரியைகள் சேர்ந்து கப்பலில் போவது என்று நீங்கள் முடிவு செய்தது சித்திரை மாதம். சென்னையில் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டு, ஐந்தாம் நாள் திரும்புவது. கப்பல் கம்பெனியின் பெயர் நீலாம்பல். அப்படி ஒரு பெயரை நாங்கள் யாரும் அதுவரை கேள்விப்பட்டதில்லை. தையல் டீச்சரான என் மனைவி பொன்னுத்தாயையும் அந்தப் பதினோரு பேரில் நீங்கள் சேர்த்துக்கொண்டீர்கள். அன்று அவள் வந்து, "ஏங்க, டோரதி டீச்சர் எல்லாரையும் கப்பல்ல கூட்டிட்டுப் போறாங்களாம். நானும் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"போயிட்டு வாயேன்" என்றேன். பேப்பரைக்கூட இறக்கவில்லை. நான் தடை சொல்லவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வேறு கணவன்மார்கள் பாஸ்போர்ட்டை ஒளித்துவைப்பார்கள். அது அரசாங்கத்தின் சொத்து. மேற்படி வேலையெல்லாம் நான் செய்யமாட்டேன்.

பிறகு நீங்கள் ஃபேஸ்புக்கில், திருச்சிக்காரர்களின் பயணக் குழு ஒன்றில், "நீலாம்பல் கப்பலில் யாராவது போயிருக்கிறீர்களா? எப்படி இருந்தது?" என்று கேட்டீர்கள். மூன்று நாள் ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், என் சொந்த ஆதாரைக் காட்டி, ஒரு புது சிம் வாங்கினேன். பெட்டியில் கிடந்த பழைய போனில் போட்டேன். அன்று சாயங்காலம் பீமராவ் பிறந்தார்.

வயது அறுபத்தேழு. ஊர் தஞ்சாவூர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேற்படி கப்பலில் இரண்டு முறை போய்வந்தவர். மனைவியை இழந்தவர். அந்த அம்மாளை நான் ஏன் சாகடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை, கை தானாக எழுதிவிட்டது. உங்கள் கேள்விக்கு அவர் பதில் போட்டதும், நீங்கள் உடனே அவரை உங்கள் வாட்ஸாப் குழுவில் சேர்த்து, "அனுபவஸ்தர் கிடைத்துவிட்டார்" என்று வரவேற்றீர்கள். இவ்வளவு சுலபமாக ஓர் அந்நிய ஆணைச் சேர்ப்பது தவறு என்று அப்போதே நினைத்தேன்.

நான் நினைத்தது ஒன்றுதான். நாலு பயமுறுத்தும் விஷயம் சொன்னால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள், யாருக்கும் யார் மேலும் வருத்தம் இருக்காது. கப்பல் ஆடும் ஆட்டத்தில் முதல் இரண்டு நாள் நிற்கவே முடியாது என்று பீமராவ் எழுதினார். இயற்பியல் டீச்சர் ஆரிஃபா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் அரைமணி நேரம் ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பேப்பர் படித்தால் உடம்பு பழகிவிடுமாம். பொன்னுத்தாய் எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஆட ஆரம்பித்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று, "பாட்டி, எறங்குங்க" என்று அழுதன. அவள் தலையங்கம்வரை படித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

சாப்பாட்டில் புளியும் இல்லை, காரமும் இல்லை என்று எழுதினேன். பதினோரு வீட்டிலும் புளிக்காய்ச்சல் கிளறினார்கள். மிளகாய் வறுத்த நெடியில் எங்கள் மாடி முழுக்கத் தும்மியது. ஆபத்துக்காலப் பயிற்சி என்று ஒன்று உண்டு, மிதவை அங்கி மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான படிகளில் ஓடவேண்டும், ஓடாதவர்களை இறக்கிவிடுவார்கள் என்று எழுதினேன். நீங்கள் சனிக்கிழமைதோறும் மலைக்கோட்டை ஏறுவது என்று உத்தரவு போட்டீர்கள். பொன்னுத்தாய் ஆரஞ்சுத் துணி வாங்கி, பழைய தலையணைகளுக்குத் தோள்பட்டை வைத்து, பதினோரு அங்கி தைத்தாள். அத்தனை பேரும் முன்னும் பின்னும் தலையணையைக் கட்டிக்கொண்டு உச்சிப்பிள்ளையார் கோயிலுக்கு ஏறியதைப் பார்த்து, இது என்ன வேண்டுதல் என்று ஒரு குடும்பம் விசாரித்ததாம். முதலில் மேலே போய்ச் சேர்ந்தது என் மனைவிதான். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால் பெருமூச்சு விடுகிறவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லச் சொல்ல நீங்கள் எல்லோரும் தயாராகிக்கொண்டே போனீர்கள். உலகத்தில் எந்தக் கப்பலுக்கும் இவ்வளவு பொருத்தமான பதினோரு பெண்கள் ஏறியிருக்கமாட்டார்கள். அந்தப் பெருமையில் ஒரு பங்கு எனக்கும் உண்டு, அதை யாரும் சொல்லமாட்டீர்கள்.

மற்ற பத்துப் பேரை நிறுத்தவேண்டும் என்று எனக்கு எந்த எண்ணமும் இல்லை. ஒருவர் நின்றால் போதும். அதனால் பீமராவ் உங்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். குழுவில் நீங்கள் போட்ட மலைக்கோட்டைப் படத்தில் இடது ஓரமாக நிற்கும் அம்மாளின் கணுக்கால் வீங்கியிருக்கிறது, ஏறும் இடத்திலேயே கப்பல் டாக்டர் காலைப் பார்ப்பார், போன முறை கும்பகோணத்துக் கோஷ்டி ஒன்றில் இப்படி ஒருவருக்காகப் பதினெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று. அவள் கணுக்கால் கல்யாணத்தன்றும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த வாகு.

நீங்கள் இரண்டு நாள் யோசித்தீர்கள். பிறகு ஒரு சீப்பு ரஸ்தாளியோடு வந்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவளிடம் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் உடைந்தது. நான் உள்ளறையில் இருந்து கேட்டேன். அவள், "பரவால்லங்க டீச்சர். என் ஒருத்தியால மத்த பத்துப் பேரும் ஏன் கரையில நிக்கணும்" என்றாள். நீங்கள் போனதும், மலை ஏறியதில் தோள்பட்டை பிரிந்துபோயிருந்த அங்கி ஒன்றை மிஷினில் வைத்துத் தைத்து முடித்தாள். அது அவளுடையதுதான். அவள் இடத்தில் வரப்போகும் உங்கள் தங்கைக்கு அளவு சரியாக இருக்கும் என்று மடித்துவைத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்று அடை செய்தாள், நான் ஐந்து சாப்பிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் பீமராவை நான் ஒழித்திருப்பேன். மறுநாள் மதியம் அவருக்கு ஒரு செய்தி வந்தது. பொன்னுத்தாய். "சார், இந்தக் கால் வீக்கத்துக்கு ஏதாவது வழி இருக்கா? தப்பா நினைக்காதீங்க." நான் கூடத்தில் இருக்கிறேன். அவள் சமையலறையில் இருக்கிறாள். நடுவில் ஒரு சுவர். மரியாதைக்கு ஒரு பதில் போட்டேன். சாப்பிட்டீர்களா என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். தனிக்கட்டை மனிதர், அப்படிக் கேட்கக்கூடியவர்.

அவள் சாப்பிட்டிருக்கவில்லை. அதை அவருக்குச் சொன்னாள். பிறகு தினமும் எழுத ஆரம்பித்தாள். சின்ன வயதில் லால்குடிப் பக்கத்து வாய்க்காலில் பையன்களை முந்தி நீந்துவாளாம். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் எனக்கு இது தெரியாது. "மலைக்கோட்டை மேல நின்னு எங்க வீட்டத் தேடினேன் சார். வீட்டுக்கு இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். சுத்தியும் தண்ணிதான். தண்ணி மேல ஒரு தடவகூடப் போனதில்ல" என்று எழுதினாள். அதை நான் இரண்டு தடவை படித்தேன். இதை நான் ஒளிக்கவில்லை. பீமராவ் நல்ல பதில் எழுதினார்.

ஒருநாள் வாழைப்பூ வடையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினாள். அந்த வடையில் நான்கைத் தின்றுவிட்டு உப்பு குறைச்சல் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன். பீமராவ், பார்க்கும்போதே பசிக்கிறது என்று எழுதினார். உள்ளே அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. இன்னொரு நாள், "எங்க வீட்டுக்காரர் நல்லவர் சார். ஆனா என்னைய ஒண்ணும் கேக்க மாட்டார். நீங்கதான் கேக்கறீங்க" என்று எழுதியிருந்தாள். எனக்கு பீமராவ் மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரைப் பதில் போட விடவில்லை. அவள் இரண்டு நாளும் குழம்பில் கவனமே இல்லாமல் இருந்தாள். வேறு வழியில்லாமல் அவரைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

இப்போது நீங்கள் என்னை எப்படிப் பிடித்தீர்கள் என்பதற்கு வருகிறேன். நேற்று பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, பீமராவ் உங்களுக்கு அனுப்பிய வரி கண்ணில் உறுத்தியது என்றீர்கள். "மேற்படி ஆசிரியை கணுக்கால் வீக்கத்தால் அவதியுறுவதால், தாங்கள் கருணைகூர்ந்து..." இருபது வருடம் அவளுடைய விடுப்புக் கடிதங்கள் உங்கள் மேஜைக்குத்தானே வந்தன. எல்லாவற்றையும் எழுதியது நான். அவள் கையெழுத்து மட்டும் போடுவாள். "மேற்படி ஆசிரியை காய்ச்சலால் அவதியுறுவதால்." இன்று வந்ததும் என்னிடம் கேட்டீர்கள்: "கொடைக்கானல் டூர், கன்னியாகுமரி டூர், மைசூர் டூர். மூணு டூருக்கும் மொத நாள் அவளுக்குக் காய்ச்சல். அது எப்படி சார்?"

அது ரொம்ப எளிது. காலையில் அவள் நெற்றியில் கை வைத்து, "என்ன, இப்படிக் காயுதே" என்பேன். இல்லையே என்பாள். இன்னொரு முறை வைத்து முகத்தைச் சுளிப்பேன். ஒரு மணி நேரத்தில் அவளே போர்த்திப் படுத்துக்கொள்வாள். உண்மையாகவே கொஞ்சம் சூடு ஏறும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் ஊட்டுவேன். ஒருநாள்கூட நான் அவளை அதட்டியதில்லை, டீச்சர். கை ஓங்கியதில்லை. வாசலைப் பூட்டியதில்லை. அவள் என்னை விட்டு ஒரு ராத்திரியும் வெளியே தங்கியதில்லை என்றால், அது எங்கள் அன்னியோன்யம்.

சரி, கேட்ட கேள்விக்கு நேராகவே எழுதிவிடுகிறேன். பீமராவ் நான்தான். கணுக்கால் விஷயம் பொய். கும்பகோணத்துக் கோஷ்டி பொய். காய்ச்சல் மூன்றும் பொய். எல்லாம் நான் செய்தேன், யாரும் தூண்டவில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று ஐந்து மணிக்குப் பயணிகள் பட்டியல் மூடுகிறது, அதற்குள் அவள் பெயரைத் திரும்பச் சேர்த்துவிடுவேன், வந்ததும் இந்தத் தாள்களை அவள் கையில் கொடுப்பேன் என்கிறீர்கள். உங்களுக்கு ஒரு விஷயம் புரியவில்லை. இதைப் படித்தால் அவளுக்குப் புருஷன் போவது இருக்கட்டும், அது அவளுக்குப் பெரிய நஷ்டமாக இருக்காது. பீமராவ் போய்விடுவார். மனம் விட்டுப் பேச அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இந்த வயதில் அவரை அவளிடமிருந்து பிரிப்பது பாவம்.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து இந்தத் தாள்களைக் கிழித்துவிடவேண்டும். அவளைக் கப்பலிலும் ஏற்றவேண்டாம். இதை என் நன்மைக்காகக் கேட்கவில்லை. காலையிலிருந்து அவள் பீமராவுக்கு ஒரு செய்தியும் அனுப்பவில்லை. இதை எழுதும்போதே ஏழெட்டுத் தடவை போனைப் பார்த்துவிட்டேன். கப்பல் இல்லையென்று ஆனபிறகும் சனிக்கிழமை மலையேற்றத்தை அவள் விடவில்லை; அந்த மும்முரத்தில் இருக்கிறாள் போலிருக்கிறது, அதனால் பரவாயில்லை. ஆனால் நடுக்கடலில் சிக்னலே கிடையாது. முழுசாக ஐந்து நாள், டீச்சர். அவளால் தாங்க முடியாது.