காலி என்று சொன்னவன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், டெபுடி. நான் இன்றைக்கும் கண்ணாடி போடாமல்தான் செய்தித்தாள் படிக்கிறேன். போன வாரம் சோள விலை, மழைக் கணக்கு, இறந்தவர்கள் பத்தி எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன். அந்தப் பத்தியில் என் நண்பன் வெர்லினின் படம் போட்டிருந்தார்கள். கோப்பை வாங்கியபோது எடுத்தது. தொப்பி கொஞ்சம் கோணலாக இருந்தது.

அவன் சாவை நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அது தப்பு. அதைத் திருத்தத்தான் நானே வண்டி ஓட்டிக்கொண்டு ஷெரிஃப் அலுவலகம் வரை வந்திருக்கிறேன்.

நெப்ராஸ்காவின் இந்தப் பக்கத்தில் துப்பாக்கி வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான். எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் பதினெட்டு வருடமாகப் பாதுகாப்பைப் பார்க்கும் ரேஞ்ச் ஆபீசரும் நான்தான். கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுட்டுக்கொண்டே ஓடும் போட்டி எங்களுடையது. ஓடி முடித்தவன் துப்பாக்கியைத் திறந்து காட்டுவான். நான் உள்ளே பார்த்துக் "காலி" என்பேன். மற்றக் கிளப்புகளில் அதற்குப் பிறகும் ஆளாளுக்கு ஒருமுறை திறந்து பார்ப்பார்களாம். எங்கள் கிளப்பில் பார்ப்பதில்லை. இந்த லீலண்ட் காலி என்றால் காலி. மறுபடி திறப்பது எனக்கு மரியாதைக் குறைவு என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது.

இந்த வசந்தத்தில் வெர்லின் ஸ்டூக்கி புது ஷாட்கன் வாங்கினான். தானியங்கி வகை. நாற்பது வருட நண்பன் என்பதால் நேராக என் பட்டறைக்குத்தான் கொண்டுவந்தான். வாங்கிய அன்றே போட்டிக்கு எடுத்துப்போகும் சாமான் இல்லை அது. தோட்டா திணிக்கும் வாயை அகலப்படுத்தி, விளிம்பை ராவி, கட்டைவிரலைக் கடிக்காதபடி செய்தேன். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டை இழுக்கிற சின்னக் குமிழை எடுத்துவிட்டுப் பெரியதாக மாட்டினேன். தோட்டாக் குழாயோடு இன்னொரு குழாயை இணைத்து நீளமாக்கினேன். இணைப்பில் பிசிறு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது வழக்கம். எனக்கு அது தேவைப்படவில்லை. கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன்.

குழாய்க்குள் ஸ்பிரிங் நுனியில் ஆரஞ்சு நிற மூடி ஒன்று இருக்கும். தோட்டா தீர்ந்ததும் அது வாயருகே வந்து நிற்கும். ஆரஞ்சு தெரிந்தால் காலி. தெரியாவிட்டால் உள்ளே எதுவோ மாட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் அவ்வளவுதான்.

பிறகு புதுத் துப்பாக்கியைச் சுட்டுச் சுட்டுப் பழக்க வேண்டும். அவன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரண்டு பேரும் மாறி மாறிச் சுட்டோம். பழக்குவதற்குக் கனமான தோட்டாதான் போட வேண்டும். இருநூறு வாங்கியிருந்தான், எல்லாம் பச்சை. முதல் இருபதில் ஐந்து சிக்கின. நூறு தாண்டியதும் சிக்கல் நின்றது. சாயங்காலத்துக்குள் போல்ட் வெண்ணெய் மாதிரி ஓடியது. கடைசிப் பச்சைத் தோட்டாவைச் சுட்டது நான்தான். காலி அட்டைப்பெட்டிகளை அங்கேயே கொளுத்திவிட்டோம். நல்ல நாள் அது. நடுவில் அவன் மனைவி அர்லிஸ் கொடுத்தனுப்பிய ஜாம் வைத்த கொலாச்சி ரொட்டியைச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவன் ஆரம்பித்தான்.

"லீலண்ட், கோவிச்சுக்காம கேளு. போட்டி முடிஞ்சு வர்ற செவ்வாக்கெழம கிளப் கூட்டத்துல உன் பேச்ச எடுக்கப்போறேன்."

"என் பேச்சா? நான் என்னடா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. கண்ணுதான்டா. போன மாசம் சுட்ட தகடு விழுந்துச்சா இல்லையான்னு ரெண்டு தடவ என்னைக் கேட்ட. யாராச்சும் அடிபடறதுக்கு முன்னாடி விட்ரு. நிழல்ல உக்காந்து ஸ்கோர் எழுது, போதும்."

"உன் மூக்கு நுனில ஜாம் ஒட்டியிருக்கு. அது தெரியுதே எனக்கு."

"என் மூக்கு இருக்கற சைசுக்கு அது ஊருக்கே தெரியும்" என்று சொல்லித் துடைத்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கோபம் வரவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடம் ஒரு வார்த்தை சொல்லி வாழ்ந்தவனுக்கு அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று மட்டும் யோசித்தேன்.

அடுத்த சனிக்கிழமை போட்டி. கடைசி ஓட்டத்தை முடித்துவிட்டு, இரைக்க இரைக்க, ஷாட்கனைத் திறந்து என்னிடம் காட்டினான் வெர்லின். நான் குனிந்து பார்த்தேன். வாயருகே ஆரஞ்சு இல்லை. உள்ளே, நான் இணைத்த அதே இடத்தில், ஒரு பச்சைத் தோட்டா சிக்கி நின்றது. உங்களைப் பார்ப்பதுபோல் தெளிவாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் "காலி" என்றேன்.

அவன் போல்ட்டை மூடி, மண்மேட்டைப் பார்த்துக் விசையை அழுத்தினான். டொக் என்று வெறும் சத்தம்.

காலி என்றபோது என் கணக்கு இதுதான். போல்ட்டை மூடும்போதே அந்தத் தோட்டா அசைந்து வரும், மண்மேட்டில் வெடிக்கும். தவறி வெடிக்கவிட்டவன் ஒரு வருடம் கிளப் பக்கம் வரக்கூடாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவன் வாயைத் திறக்க முடியாது. யாருக்கும் ஒரு கீறல் விழாது. நியாயமான கணக்குதான்.

ஆனால் வண்டிகள் நிற்கும் இடத்தில் அவன் துப்பாக்கியைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்து வண்டிக்காரரிடம், "லீலண்ட் கைவேலை. எப்படி வழுக்குது பாருங்க" என்று போல்ட்டை இழுத்துவிட்டான். சிக்கியிருந்தது இதற்குள் கழன்றிருக்க வேண்டும். அது இப்போது சுடும் இடத்துக்கே வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இருபதடி தூரத்தில் நின்றேன். எனக்கு வாய் இருந்தது. நான் ஸ்கோர் தாளைப் பார்த்துக்கொண்டேன். அவன் அதைப் பைக்குள் திரும்பத் தள்ளினான். அர்லிஸ் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தாள். வண்டிக்குள் அதற்கு இடம் பண்ணுவதற்காகப் பையின் குழல் பக்கத்தைப் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்தான். காலித் துப்பாக்கியை அப்படித்தானே இழுப்பார்கள். பைக்குள் எதிலோ விசை மாட்டி வெடித்தது.

அன்றிலிருந்து என் வீட்டில் அலமாரிக் கதவை மூடினாலும் டொக், தட்டை வைத்தாலும் டொக். கதவுகளையெல்லாம் இப்போது மூடாமலேயே விட்டிருக்கிறேன். அப்படியும் கேட்கிறது. ஆனால் நான் வந்தது அதனால் இல்லை.

அடக்கத்தன்று ஒருவர்கூட என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. முதுகைத் தடவினார்கள். அர்லிஸ், "உன்மேல எனக்கு வருத்தமே இல்ல, லீலண்ட். உனக்குக் கண்ணு தெரியலன்னு அவரு சொல்லிட்டேதான் இருந்தாரு. நாங்கதான் முன்னாடியே உன்ன நிறுத்தியிருக்கணும்" என்று அழுதாள். தேவாலயப் படிகளில் என் முழங்கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி இறக்கிவிட்டாள். புருஷனைப் பறிகொடுத்தவள், என்னைக் குருடனாக்கிக் கூட்டிப்போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் தவறவிடவில்லை. பார்த்தேன்.

என்ன பை அது? வெடித்த அந்தத் தோட்டாவின் வெற்றுக்கூடா? கொடுங்கள்.

சிவப்பு என்கிறீர்கள். அன்றைக்கு வெர்லினிடம் இருந்தது அத்தனையும் சிவப்புதான் என்கிறீர்கள். பச்சை பழக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று நானே இப்போதுதான் சொன்னேன் என்கிறீர்கள்.

இந்த அறையில் வெளிச்சம் போதாது, டெபுடி. பச்சை என்றே எழுதுங்கள். பார்த்துவிட்டுத்தான் அவனைக் கொன்றேன் என்று எழுதுங்கள்.

எழுதியாயிற்றா? சரி, கையெழுத்துப் போடுகிறேன். கோடு எங்கே இருக்கிறது என்று மட்டும் என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டுங்கள்.