வடக்கு மேட்டுச் சோளக்குழி

தாமசின்: அந்த வரியை அடி, எல்கானா.

எல்கானா: எந்த வரி அக்கா? இன்னும் மையே காயலை...

தாமசின்: “ஜாபெஸ் இங்கிலாந்துக் கப்பலை விட்டு இறங்கினபோது வடக்கு மேடு ஆளில்லாத வெற்று நிலமாகக் கிடந்தது.” அந்த வரிதான்.

எல்கானா: உங்களுக்கு வாசிக்கத் தெரியும்ங்கிறதையே மறந்துட்டேன்.

தாமசின்: பைபிள் படிக்கணும்னு நீங்கள்லாம்தானே எழுத்து சொல்லிக்கொடுத்தீங்க. அதோட நிறுத்திக்கச் சொல்லலையே.

எல்கானா: சிரிப்பு காட்டாதீங்க. உங்க புருஷன் போய் ஒன்பது நாள்தான் ஆகுது. நாப்பது வருஷத்துக்கு முன்னால இங்க முதல் குடிசை போட்ட மனுஷன். ஊர்ப் புத்தகத்துல முதல் பக்கமே அவருக்குன்னு மூப்பருங்க சொன்னதால எழுதிக்கிட்டிருக்கேன். சந்தோஷப்படுவீங்கன்னு பார்த்தா...

தாமசின்: பக்கம் அவருக்கு. மேடு யாருக்கு?

எல்கானா: என்ன பேச்சு இது?

தாமசின்: வெற்று நிலம்னு எழுதி பாஸ்டன் கோர்ட்டுக்கு அனுப்புவீங்க. அவங்க தலையாட்டினா மேட்டை இருபது பங்காப் போடுவீங்க. நமக்கு முன்னாலயே இந்த மண்ணுல இருந்து, இப்பவும் அங்க விதைச்சிருக்கிற ஜனங்க எங்க போவாங்க?

எல்கானா: அவங்களுக்குக் காடு இல்லையா?

தாமசின்: நாம வந்த முதல் பனிக்காலத்துலயே அங்க சோளக்குழி இருந்துச்சு. பாய் போட்டு மூடி, மேல மண்ணைத் தட்டி வச்சிருந்தாங்க. விதைச்சோளம். திரும்பி வராதவங்களா விதையைப் புதைச்சு வைப்பாங்க?

எல்கானா: மெதுவா பேசுங்க அக்கா...

தாமசின்: அந்தச் சோளத்தை நீயும்தான் தின்னே. ஆறு வயசு உனக்கு. இன்னொரு கரண்டி கூழுன்னு அழுதே.

எல்கானா: எனக்கு ஞாபகம் இல்லை.

தாமசின்: எனக்கு இருக்கு. வசந்தத்துல ஒரு பொம்பளை அந்த வெறுங்குழிக்கு முன்னால நின்னுக்கிட்டு இருந்தா. அழலை, கத்தலை. சும்மா நின்னா.

எல்கானா: ...சரி. யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். அவர் கடைசி நாள்ல உங்களை ஆப்பிள் சைடர் எடுத்துட்டு வர அனுப்பினாரே...

தாமசின்: ஆமா. வந்து பார்த்தா ஒரு வாய் குடிக்கலை.

எல்கானா: அப்பத்தான் என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னார். “அந்தக் குழியைத் தோண்டித் திருடினது நான்”னு.

தாமசின்: நான்னா சொன்னார்?

எல்கானா: மூணு தடவை.

தாமசின்: ...அடப்பாவி மனுஷா.

எல்கானா: திட்டாதீங்க. கர்த்தர் மன்னிச்சிருப்பார். அதை நான் அவரோடயே புதைச்சுட்டேன். அந்த மனுஷனைத் திருடன்னு ஊர் முன்னால நிறுத்தணுமா?

தாமசின்: குழி இருந்துச்சுன்னு எழுதினாப் போதும். மேடு வெறுமையா இல்லைன்னு தெரிஞ்சுடும்.

எல்கானா: செல்லாது. செத்தவர் சொன்னார்னு நான் சொன்னா கோர்ட்டு கேக்காது. உயிரோட இருக்கிறவங்க ஒருத்தர் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணணும். திருட்டை ஒத்துக்கிட்டா என்ன ஆகும் தெரியும்ல? சபை முழுக்கப் பார்க்க எழுந்து நிக்கணும். கோயில்ல முன்வரிசை இடம் போயிடும். கசையடிகூட உண்டு.

தாமசின்: கடைசி வரிசையிலயும் பிரசங்கம் கேக்கும்.

எல்கானா: விளையாடாதீங்க! புருஷன் சொல்லிக் கேட்டேன்னு நீங்க சொன்னாலும் எடுபடாது. தோண்டினதை யாராவது கண்ணால பார்த்திருக்கணும். அப்படி யார் மிச்சம் இருக்கா, சொல்லுங்க?

தாமசின்: குழியைத் தோண்டின வாரம் காய்ச்சல்ல அவரால எழுந்து உக்காரக்கூட முடியலை, எல்கானா. பனியைச் சுரண்டி, பாயை விலக்கி, ரெண்டு கூடை வாரிக்கிட்டு வந்தது நான். என்னைக் காப்பாத்தணும்னு சாகறப்பவும் பொய் சொல்லியிருக்கார்... இந்தா, கையைத் தூக்கிட்டேன். அந்த வரியை அடிச்சுட்டு, திருடினது தாமசின்னு எழுது.