பெயர் சொல்லாமல் கூப்பிட்ட ஆள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அந்தக் கதவை யாராவது சாத்துங்கள். என் கூட்டாளி அதாமாவின் அத்தை மகன் சியேவுக்கு நடந்தது இது.

சாயங்காலம் ஆறரை மணி. கூத்தியாலா நகரத்துக்குப் போகும் மண்சாலையில் ஈ, காக்கை இல்லை. பருத்தி ஏற்றும் களத்தில் கடைசி லாரி மட்டும் நின்றது. கிழக்கே இடி. சியேவின் கழுதை வண்டியில் ஒரு வருட உழைப்பு. போன வருடம் மழையில் அவன் பருத்தி அழுகி, பசியில் மூத்த பையன் போய்ச் சேர்ந்தான். மிச்சம் இருப்பது ஐந்து வயது மகள் தெனெ.

“பெட்டி ரொம்பிடுச்சுண்ணே. என் தலையிலயா ஏத்தப்போற?” என்றான் டிரைவர்.

“மிதிச்சா இடம் வரும்ப்பா. உன் காலைப் பிடிக்கிறேன்.”

லாரியின் இரும்புப் பெட்டிக்குள் சியே குதித்தான். ஒற்றை ஆள் மிதித்து அமுங்குமா? இடுப்பு வரை புதைந்ததுதான் மிச்சம். எங்கள் பக்கத்தில் பருத்தி மிதிக்க ஆளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். பிரெஹிமா என்பவன் ஒரு பெட்டிக்குள் புதைந்து செத்ததிலிருந்து அந்தக் கட்டுப்பாடு. மிதித்தவனுக்கு அன்று ராத்திரி கூப்பிட்டவன் வீட்டில் சாப்பாடு... அதுவும் கட்டுப்பாடுதான். பாவம், சியேவுக்கு எதுவும் நினைப்பில் இல்லை.

“யாராவது வாங்களேன்யா... யாரா இருந்தாலும் சரி!”

தொம்... தொம்... முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால்கள். குப்பென்று பூச்சிமருந்து நெடி. திரும்பினால் ஆளில்லை. பருத்தி மட்டும் குழி குழியாக அமுங்கியது. சியே ஓடவில்லை. ஓடினால் பருத்தி போகும். பருத்தி போனால் தெனெ போவாள். அழுதுகொண்டே கூடை கூடையாகக் கொட்டினான். அத்தனையும் அடங்கியது.

வீட்டில் ஒரே கிண்ணம் கம்பங்களி. தெனெ கை வைப்பதற்குள் எதிர்ப்பக்கம் நாலு விரல் ஆழத்துக்குக் குழி விழுந்தது. குழியின் ஓரத்தில் பஞ்சு. மறுநாளும் அப்படியே... அதற்கு மறுநாளும். பருத்தி விற்று மூட்டை மூட்டையாகக் கம்பு வாங்கிப் போட்டான். குழியும் பெரிதானது. தெனெவுக்கு விலா எலும்பு தெரிந்தது.

“பிரெஹிமாண்ணே, போதும்ணே... புள்ள சாகுது,” என்று கிண்ணத்தின் முன் விழுந்து கதறினான்.

மறுநாள் களி தொட்டது தொட்டபடி முழுதாக இருந்தது. சியேவுக்கு உயிர் வந்தது.

“அவரு இனிமே சாப்பிட வரமாட்டாராம்ப்பா,” என்றாள் தெனெ. “தனியா மிதிக்க முடியலையாம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு.”

சியே விளக்கைத் தாழ்த்திப் பார்த்தான். வீட்டில் ஒரு பிடிப் பருத்தி கிடையாது. ஆனால் பிள்ளையின் கால் விரல் இடுக்கெல்லாம்... பஞ்சு.